எஞ்சினை நிறுத்திட்டுத் தூங்குங்க, டிரைவர் அண்ணே!

மலை விளிம்பைப் பற்றி எல்லாரும் எச்சரிக்கிறார்கள். ஓரமாக நிறுத்திவைத்த வேனைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

போயா தினம் வெள்ளியிலோ திங்களிலோ விழுந்துவிட்டால் பதுளை மாவட்டத்தில் பசறை டவுனைத் தாண்டி மடுல்சீமைக்கு ஏறும் வேன்களுக்குக் குறைவே இருக்காது. கொழும்புப் பக்கமிருந்து வருகிறார்கள், மட்டக்களப்பிலிருந்து வருகிறார்கள். கூரையில் கூடாரச் சாமான், உள்ளே காது கிழியும் பாட்டு. ‘சின்ன உலக முடிவு’ என்று பெயரெடுத்துவிட்ட மலை விளிம்பில் ஓர் இரவைக் கழித்து, விடியும்போது காலுக்குக் கீழே மேகம் கிடப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்புவதுதான் திட்டம்.

வருகிறவர்களிடம் ஊர்க்காரர் சொல்லும் புத்திமதி ஒன்றுதான்: ஓரத்துக்குப் போகாதீங்க. சரியான புத்திமதி. அந்த விளிம்பில் கால் தவறினால் மீண்டு வர வழியில்லை.

ஆனால் கூடாரத்துக்குப் போகாத ஒருவர் ஹயருக்கு வந்த எல்லா வேனிலும் இருக்கிறார். நாள் முழுக்க ஓட்டி வந்து, மறுநாள் அதே வளைவுகளில் இறங்க வேண்டியவர். அவர் எங்கே படுப்பார் என்று யாராவது கேட்டால், “அவரு வண்டியிலேயே படுத்துக்குவாரு” என்று மற்றவர்கள் அவருக்காகப் பதில் சொல்லிவிடுவார்கள். இரவு ஏற ஏறக் குளிர் எலும்புவரை இறங்கும். டிரைவர் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஹீட்டரைப் போட்டு, கண்ணாடிகளை ஏற்றி, சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடுவார். இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது.

வடகராவில் நின்ற வண்டி

2024 டிசம்பர் 23ஆம் திகதி. கேரளத்தில் கோழிக்கோடு மாவட்டத்தின் வடகராவுக்கு அருகே, கரிம்பனப்பாலத்தில் நெடுஞ்சாலை ஓரம் ஒரு கேரவன் வண்டி நெடுநேரமாக அசையாமல் நின்றது. சந்தேகப்பட்டுக் கதவைத் திறந்தவர்கள் உள்ளே இரண்டு பேர் இறந்து கிடப்பதைக் கண்டார்கள். ஒருவர் கதவுப் படியருகே, மற்றவர் உள்ளே. ஒருவர் அந்த வண்டியின் டிரைவர், மற்றவர் அதே நிறுவனத்தின் ஊழியர். கல்யாண வீட்டு விருந்தினரைக் கண்ணூரில் இறக்கிவிட்டு, வெறும் வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தவர்கள். களைப்புக்கு வண்டியை ஓரங்கட்டி, ஏசியைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார்கள். ஏசிக்கு மின்சாரம் கொடுக்க வண்டியிலேயே பொருத்திய ஜெனரேட்டர் ஓடியது.

கோழிக்கோட்டிலுள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் நிபுணர்கள் அந்த வண்டியைச் சோதித்துப் பார்த்தார்கள். ஜெனரேட்டரின் புகை, வண்டித் தளத்திலிருந்த ஓட்டை வழியாக உள்ளே ஏறியிருக்கிறது. இரண்டு மணிநேரத்துக்குள் உள்ளேயிருந்த காற்றில் பத்து இலட்சம் பங்குக்கு 957 பங்கு காபன் மொனொக்சைட். அந்த எண்ணை எதனோடு ஒப்பிடுவது? உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலில், கால் மணிநேரத்துக்கு மேல் இருக்கக் கூடாத அளவு ஏறத்தாழ 87 பங்கு. வடகரா வண்டியில் அதைப்போல் பதினொரு மடங்கு. அதிலே கால் மணிநேரமல்ல, இராமுழுக்கத் தூங்கியிருக்கிறார்கள்.

விருந்தினர் இறங்கிவிட்டார்கள், வண்டியோடு இருந்தவர்கள் போனார்கள். மடுல்சீமையில் வேனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துவது இதுதான். உல்லாசப் பயணம் என்பது வண்டியில் போகிறவருக்குப் பயணம், வண்டி ஓட்டுகிறவருக்கு வேலை. அந்த வேலையின் இராச்சாமம் எங்கே கழிகிறது என்று பயணச் செலவுக் கணக்கில் ஒரு வரிகூட இருப்பதில்லை.

புகை இல்லாத புகை

அழிவு எப்படித் தொடங்கும் என்று மடுல்சீமை ஒருமுறை பார்த்திருக்கிறது. இலங்கையின் கோப்பித் தோட்டங்களை முடித்துக்கட்டிய இலைத்துரு நோய் 1869இல் முதலில் அகப்பட்டது இந்தப் பிரதேசத்தில்தான். அப்போது இலையின் அடியில் செம்மஞ்சள் தூசி தெரிந்தது. துரைமார் முதலில் அலட்சியப்படுத்தினாலும், கண்ணால் பார்க்க ஏதோ ஒன்று இருந்தது. காபன் மொனொக்சைட்டுக்கு அந்தத் தயவும் இல்லை. நிறம் கிடையாது, மணம் கிடையாது, கண்ணைக் கரிக்காது, இருமல் வராது. சைலன்சரிலிருந்து கறுப்பாக வரும் புகைக்கு நாம் மூக்கைப் பொத்துகிறோம். அதே குழாயில் கூடவே வரும் இந்த வாயுவுக்கு மூக்கு ஒன்றும் சொல்வதில்லை.

பெற்றோலோ டீசலோ கரியோ விறகோ, முழுதாக எரிய ஒட்சிசன் போதாதபோது இந்த வாயு உண்டாகிறது. மூச்சோடு உள்ளே போனால் இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடியோடு பற்றிக்கொள்ளும். பஸ்ஸில் சீட்டெல்லாம் ஒருத்தன் துண்டு போட்டுப் பிடித்துவிட்ட கதைதான்: நெஞ்சு ஏறி இறங்கும், காற்று போய் வரும், ஒட்சிசனுக்கு மட்டும் இடமிருக்காது. முதலில் தலை வலிக்கும். பிறகு குமட்டல், கிறுகிறுப்பு, கைகால் சோர்வு. இதையெல்லாம் நம் ஆட்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள்? பயணக் களைப்பு, மலைக்குளிர், வழியில் சாப்பிட்ட கொத்துரொட்டி ஒத்துக்கொள்ளவில்லை, இல்லாவிட்டால் ‘கொஞ்சம் போட்டிருக்கான்’. தூக்கத்தில் இருப்பவருக்கு இந்த அறிகுறிகூடக் கிடைக்காது. விழித்துக்கொண்டாலும் எழுந்து கதவைத் திறக்கக் காலில் பலம் இருக்காது. வடகராவில் ஒருவர் படியருகே கிடந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

செய்தித்தாள்களில் இப்படிப்பட்ட சாவுகளை ‘ஏசி வாயு தாக்கி’ என்று எழுதிவிடும் பழக்கம் ஒன்று உண்டு. அது ஆளை வேறு திசையில் தேட வைக்கிறது. ஏசியைப் பழுதுபார்த்துக்கொண்டு, கீழே துருப்பிடித்த சைலன்சரை அப்படியே விட்டுவிடுகிறோம். ஏசிக்காகவோ ஹீட்டருக்காகவோ ஓடிக்கொண்டிருந்த எஞ்சின்தான் பெரும்பாலும் குற்றவாளி.

ஓடும் வண்டி தன் புகையைப் பின்னால் விட்டுவிட்டு முன்னால் போய்விடும். நின்ற வண்டியால் அது முடியாது. காற்று அசையாத பனி இரவில், வெளியேறிய புகை வண்டியின் அடியிலும் சுற்றிலும் தங்கி, முன்கண்ணாடிக்குக் கீழேயுள்ள காற்றுத் துவாரம் வழியாகவும், கதவு ரப்பர் தேய்ந்த இடைவெளி வழியாகவும், தளத்துத் துரு ஓட்டை வழியாகவும் உள்ளே வரும். மலைப்பாதையில் நாம் வண்டி நிறுத்தும் விதம் இதை இன்னும் மோசமாக்குகிறது. உருண்டுவிடக் கூடாது என்று பின்பக்கத்தை மண்மேட்டோடு ஒட்டி நிறுத்துகிறோம். சைலன்சர் வாய் மண்ணுக்கும் புல்லுக்கும் முகம் கொடுத்து நிற்கும். பனி நாடுகளில் வெண்பனி அடைத்துச் செய்கிற வேலையை இங்கே மண்மேடு செய்கிறது. 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மரீ மலைநகரில் பனிப்பொழிவில் சிக்கிய கார்களுக்குள் குறைந்தது 22 பேர் இறந்தார்கள். அதில் குளிரின் பங்கோடு இந்த வாயுவின் பங்கும் இருந்தது.

“கண்ணாடியை ஒரு விரலளவு இறக்கிவிட்டாப் போதும்” என்பது டிரைவர்கள் மத்தியில் வேதவாக்கு. போதாது. இந்த வாயு காற்றைவிடக் கனமானதுமல்ல, அப்படி இலேசானதுமல்ல. காற்றோடு சமமாகக் கலந்துவிடும். மேலே திறந்தாலும் கீழே திறந்தாலும் தானாக ஓடிப்போகாது. வெளியேதான் புகை நிற்கிறதென்றால் அந்த ஒரு விரல் இடைவெளி அதற்கு உள்ளே வர இன்னொரு வாசல்.

சிவனொளிபாதமலைப் பருவகாலத்தில், டிசம்பர் உந்துவப் போயாவிலிருந்து மே வெசாக்வரை, நல்லதண்ணியில் இராமுழுக்க வரிசையாக நிற்கும் வண்டிகளுக்கும் இது பொருந்தும். யாத்திரிகர்கள் இருட்டில் மலையேறுகிறார்கள், டிரைவர்கள் கீழே குளிரில் காத்திருக்கிறார்கள். தன் எஞ்சினை நிறுத்தியவரும், பக்கத்து வண்டியின் சைலன்சருக்கு நேரே தன் கண்ணாடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கதிர்காமத்தில் குளிருக்குப் பதிலாகப் புழுக்கமும் நுளம்பும். அங்கே ஓடுவது ஏசி.

பழைய வேன், மௌனமான கார்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை அரசு நிறுத்தியது. கார் இறக்குமதி மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் நாட்டில் ஓடியதெல்லாம் ஏற்கெனவே ஓடித் தேய்ந்தவை. திறந்த பிறகும் புதிய வேனின் விலை ஹயர்காரருக்கு எட்டாத உயரம். ஆகவே இருபது, முப்பது வயது வேன்கள் இன்னும் பதுளை மலைகளில் சோறு போட்டுக்கொண்டிருக்கின்றன. சைலன்சர் நடுவில் விட்டுப்போனால் தகரம் சுற்றி வெல்டிங் அடித்து ஓட்டுவது சகஜம். சத்தம் குறைந்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். சத்தம் வராத ஓட்டையிலும் வாயு வரும்.

வருடாந்தம் வரிப்பத்திரம் எடுக்கப் புகைச் சான்றிதழ் வாங்குகிறோமே என்று கேட்கலாம். 2008இல் தொடங்கிய அந்தப் பரிசோதனை ஊர்க்காற்றுக்காக வந்தது. வண்டியிலிருந்து வெளியேறும் புகையை அளப்பது அதன் வேலை, வண்டிக்குள் என்ன புகுகிறது என்று அது சொல்லாது. பெற்றோல் வண்டியின் சான்றிதழில் காபன் மொனொக்சைட் வீதத்தில் எழுதப்பட்டிருக்கும். ஒரு வீதம் என்பது பத்து இலட்சத்தில் 10,000 பங்கு. ‘பாஸ்’ ஆன வண்டியும் மூடிய இடத்தில் ஆளைக் கொல்லப் போதுமானது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

டீசல் எஞ்சின் பெற்றோலைவிடக் குறைவாகவே இந்த வாயுவைக் கக்கும். அதை நம்பி டீசல் வேனைப் படுக்கையறையாக்க முடியாது.

இன்னொன்று, நீண்ட சாமான் ஏற்றிக்கொண்டு பின்கதவைக் கயிற்றால் கட்டித் திறந்தபடி ஓட்டுவது. அப்போது வண்டியின் பின்னால் உண்டாகும் சுழல்காற்று புகையை உள்ளுக்கு இழுக்கும். முதலில் அகப்படுபவர்கள் கடைசிச் சீட்டில் தூங்கும் பிள்ளைகள்.

பழைய வேன் சத்தம் போட்டாவது தான் ஓடுவதைச் சொல்லும். இலங்கை வீதிகளை நிறைத்திருக்கும் ஜப்பானிய ஹைபிரிட் கார்கள் அதையும் சொல்வதில்லை. பிரியஸ், அக்வா, வெசல் எதை எடுத்தாலும் நின்ற நிலையில் ஏசி போட்டால் முதலில் பற்றரியில் ஓடும். எஞ்சின் ஓடவில்லை, பயமில்லை என்று உள்ளே இருப்பவர் தூங்கிவிடுவார். பற்றரி இறங்கியதும், யாரும் சாவியைத் தொடாமலேயே எஞ்சின் தானாக எழுந்து ஓடும். மூடிய ஷட்டருக்குள், வீட்டோடு ஒட்டிய போர்ட்டிகோவில், இது நடந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 2006க்குப் பிறகு, பொத்தானை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் கார்களை நிறுத்தியதாக நினைத்து வீட்டு கராஜுக்குள் ஓடவிட்டு இறந்தவர்கள் இரண்டு டஜனுக்கும் மேல் என்று நியூயோர்க் டைம்ஸ் 2018இல் கணக்கெடுத்தது. அதன்பின் டொயோட்டா, தன் 2020 மொடல்களிலிருந்து எஞ்சின் தானாக நின்றுவிடும் ஏற்பாட்டை அங்கே கொண்டுவந்தது. 2021இல் அமெரிக்க நாடாளுமன்றம் அதைச் சட்டத்திலும் சேர்த்தது. நம்மிடம் இருக்கும் பழைய கார்களில் அந்தக் கருணையை எதிர்பார்க்காதீர்கள். இறங்கும்போது டாஷ்போர்டில் ‘ரெடி’ விளக்கு அணைந்ததா என்று பார்ப்பது அரை விநாடி வேலை.

கதவு திறந்திருந்தால் கராஜுக்குள் ஓடவிடலாமா? ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தார் சோதித்திருக்கிறார்கள். பெரிய கதவு திறந்திருக்க, குளிர்ந்த எஞ்சின் இரண்டே நிமிடம் ஓடியது. கராஜுக்குள் பத்து இலட்சத்தில் 500 பங்கு காபன் மொனொக்சைட். காரை வெளியே எடுத்துப் பத்து மணிநேரத்துக்குப் பிறகும் அங்கே வாயு மிச்சமிருந்தது. டொரொண்டோவிலும் ஒஸ்லோவிலும் இருக்கிற நம் சொந்தங்கள், காலையில் சமையலறையிலிருந்தே ரிமோட்டில் காரைச் சூடேற்றுகிறவர்கள், இதைப் படித்தால் நல்லது.

இஸ்தோப்புக்குள் ஆட்டோ

கார் வைத்திருப்பவர் கதை இது, தோட்டத்தில் யாருக்குக் கராஜ் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். லயத்தில் கராஜ் வேறு வடிவத்தில் இருக்கிறது. ஒற்றைக் காம்பராவில் குடும்பம் பெருகப் பெருக, முன்னாலிருக்கும் இஸ்தோப்பைத் தகரம் அடித்து அறையாக்கிவிடுகிறார்கள். லீசிங்கில் எடுத்த ஆட்டோவை வெளியே விட்டால் பற்றரி களவு போகும். ஆகவே அதுவும் உள்ளே. அந்த அறைக்கும் பிள்ளைகள் படுக்கும் காம்பராவுக்கும் நடுவில் ஒரு கதவு, சில இடங்களில் ஒரு சேலைத் திரை.

விடியற்காலை ஐந்தரைக்கு ஸ்கூல் ஹயர். குளிரில் எஞ்சின் இலேசில் பிடிக்காது. சோக்கை இழுத்து, நாலைந்து தடவை இழுத்து, பிடித்ததும் அணைந்துவிடாமலிருக்கக் கொஞ்சநேரம் ‘ரேஸ்’ பண்ணி வைப்பார்கள். சோக் என்பது எஞ்சினுக்குக் காற்றைக் குறைத்துப் பெற்றோலைக் கூட்டுவது. அதாவது இந்த வாயு மிக அதிகமாக வரும் நேரமே அதுதான். வினையூக்கி மாற்றி பொருத்திய வண்டியிலும் அது சூடேறும்வரை வேலை செய்யாது. பல லயங்களில் இடைச்சுவர் கூரைவரை போவதுமில்லை. ஒரு வீட்டில் எழும்பிய புகை கூரைக்கடியால் அடுத்த வீட்டுக்கும் போகும். அந்தப் பக்கம் கர்ப்பிணி ஒருவர் படுத்திருந்தால் தாய்க்கு வரும் ஆபத்தைவிட வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு வரும் ஆபத்து பெரிது. காலையில் எழுந்ததும் வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலையிடி, வெளியே மலைக்குப் போனதும் சரியாகிவிடுகிறது என்றால், முதலில் நினைக்க வேண்டியது ஆட்டோவையும் விறகடுப்பையும். பனடோல் அதற்குப் பிறகு.

இதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து ஸ்டார்ட் செய்வது. மழை பெய்யுமே என்பார்கள். பெய்யட்டும்.

மின்வெட்டு வந்தால் ஜெனரேட்டர் வரும். 2022 மார்ச் இறுதியில் பதின்மூன்று மணிநேரம் இருட்டிலிருந்த நாடு இது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலும் மண்சரிவும் பதுளை மாவட்டத்தைப் புரட்டிப்போட்டபோது மின்கம்பிகளும் சேர்ந்து போயின. களவுக்குப் பயந்து ஜெனரேட்டரைக் கடைக்குள் வைத்து, ஷட்டரைப் பாதி இறக்கி ஓட்டுவது டவுன்களில் நடக்கிற காரியம். ஒரு சிறிய ஜெனரேட்டர் நூற்றுக்கணக்கான கார்கள் கக்கும் அளவு காபன் மொனொக்சைட்டைத் தனியாகவே கக்கும் என்கிறது அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணைக்குழு. வீட்டிலிருந்து குறைந்தது இருபது அடி தள்ளி, திறந்த வெளியில் வைக்கச் சொல்கிறது.

குளிர்காயக் கரிச்சட்டியை அறைக்குள் எடுத்துப்போகும் பழக்கம் தனிக் கட்டுரைக்கு உரியது. 2020 ஜனவரியில் நேபாளத்தின் டாமனில் கேரளத்துப் பயணிகள் எட்டுப் பேர், அதில் நாலு பேர் குழந்தைகள், அறையில் கேஸ் ஹீட்டரைப் போட்டுத் தூங்கி இறந்தார்கள். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் திருச்சி இளைஞர் இருவர், பார்பிகியூ அடுப்பு அறைக்குள் இருக்கத் தூங்கி இறந்தார்கள். கூடாரத்துக்குள் கரி அடுப்பைக் கொண்டுபோகிறவர்கள் மடுல்சீமை விளிம்பிலும் கவனிக்க வேண்டிய செய்தி இது.

வண்டிக்குள் ஒருவர் எழும்பாமல் கிடந்தால்

கதவுகளை எல்லாம் திறந்து, எஞ்சினை நிறுத்தி, ஆளை வெளியே இழுத்துப் போட வேண்டும். உள்ளே உட்கார்ந்து தட்டி எழுப்பிக்கொண்டிருக்கக் கூடாது, போனவரும் விழுவார். உடனே 1990க்கு அழைத்து, மூச்சில்லை என்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு இல்லை. அழைக்கும்போதும் ஆஸ்பத்திரியிலும் ஒரு விஷயத்தை விடாமல் சொல்ல வேண்டும்: எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குள் கிடந்தார். இதைச் சொல்லாவிட்டால் குடிபோதை, வாந்திபேதி, பக்கவாதம் என்று தேடல் வேறு பக்கம் போய்விடலாம். விரலில் மாட்டும் ஒட்சிசன் மானியும் ஏமாற்றும். ஈமோகுளோபினைப் பிடித்திருப்பது ஒட்சிசனா காபன் மொனொக்சைட்டா என்று சாதாரண மானிக்குப் பிரித்தறியத் தெரியாது. ஆள் மயங்கிக் கிடப்பார், மானி 98 காட்டும்.

மருந்து ஒட்சிசன்தான். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் இரத்தத்திலுள்ள இந்த வாயு பாதியாகக் குறைய நாலு முதல் ஆறு மணிநேரம் பிடிக்கும். முகமூடி வழியாகத் தூய ஒட்சிசன் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்று, ஒன்றரை மணிநேரம். மடுல்சீமையிலிருந்து பதுளை பெரியாஸ்பத்திரிக்கு அந்த வளைவுகளில் இறங்கும் நேரத்தை யோசித்தால், வழியிலேயே ஒட்சிசன் தொடங்குவது ஏன் முக்கியம் என்று புரியும்.

வருமுன் காக்க விலை கொடுத்து வாங்கும் சாமானும் உண்டு. பற்றரியில் ஓடும் காபன் மொனொக்சைட் அலாரம், உள்ளங்கையளவு. பிரித்தானியச் சுரங்கங்களில் 1986வரை இந்த வேலையைக் கனேரிக் குருவிகள் பார்த்தன. தன் உடம்பிலேயே இந்த வாயுவைச் செலுத்திச் சோதித்த ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் என்ற விஞ்ஞானி கொடுத்த யோசனை அது, குருவி மயங்கினால் மனிதன் ஓடலாம். இங்கிலாந்தில் எரிபொருளில் எரியும் கணப்போ கொதிகலனோ பொருத்திய அறைகளில் வாடகைக்காரருக்கு இந்த அலாரத்தை வீட்டுக்காரர் பொருத்திக் கொடுக்க வேண்டும் என்பது 2022 ஒக்டோபரிலிருந்து சட்டம். இங்கே சட்டம் வரும்வரை வேன் உரிமையாளர் காத்திருக்க வேண்டியதில்லை. பாட்டுச் செட்டுக்குச் செலவழிக்கிற காசில் ஒரு சிறு பங்கு போதும்.

ஆனால் அலாரமும் அறிவுரையும் டிரைவர் தலையில் மட்டும் போய் விழக் கூடாது. அவர் எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவது அறியாமையால் மட்டுமல்ல, குளிரால். பெரிய ஹோட்டல்களில் டிரைவருக்கென ஓர் அறையும் சாப்பாடும் ஒதுக்குவது பழைய வழக்கம். மலைக்கு மேலே புதிதாக முளைத்திருக்கும் தங்குமிடங்களுக்கும் கூடார முகாம்களுக்கும் அந்த வழக்கம் இன்னும் ஏறவில்லை. இடம் பதிவு செய்கிறவர் ஃபோனில் கேட்க வேண்டிய கேள்வி: “டிரைவருக்குப் படுக்க இடம் இருக்கா?” இல்லை என்றால் ஒரு கூடாரமும் இரண்டு கம்பளியும் கூடுதலாக எடுத்துப்போவது பயணச் செலவில் ஒன்றுமே இல்லை. வேனுக்குள்தான் படுப்பேன், வண்டிக்குக் காவல் வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், கம்பளிகளைக் கொடுத்து, எஞ்சின் சாவியை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாயுவிலிருந்து தப்பிப் பிழைத்த டிரைவரை அவசரப்பட்டு ஸ்டியரிங்கில் உட்கார வைத்துவிடவும் கூடாது. இந்த வாயு தாக்கியவர்களில் சிலருக்கு, எல்லாம் சரியாகி வீட்டுக்குப் போன பிறகு, சில நாளிலோ சில வாரத்திலோ மறதி, தடுமாற்றம், நடையில் மாற்றம், காரணமில்லாத எரிச்சல் தலைகாட்டுவதுண்டு. வீட்டுக்காரர் அதைக் கவனித்து மீண்டும் வைத்தியரிடம் கூட்டிப்போக வேண்டும். பசறை வீதியின் வளைவுகளில் அவர் மறுபடி வேன் ஓட்டலாமா என்பதை வைத்தியர் பார்த்துச் சொல்லட்டும். அதுவரை அவருடைய நாள் சம்பளத்துக்கு யார் பொறுப்பு என்பதை வேன் உரிமையாளரும் ஹயருக்கு வந்தவர்களும் பேசி முடிவுசெய்ய வேண்டும்.